கோடாரியும் ஒப்பந்தமும்: நியூ ஆர்லியன்ஸ் பர்லெஸ்க் மேடையில் போட்டியும் தொழில்நெறியும்

1. கேள்வி

1949ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், போர்பன் தெருவிலிருந்த காசினோ ராயல் என்ற இரவு விடுதியில் ஒரு சம்பவம் நடந்தது. மேடையில் வைத்திருந்த பெரிய கண்ணாடித் தொட்டியின் நீருக்குள் மூழ்கியபடி, டிவீனா என்ற ஆட்டக்கலைஞர் ஆடைகளை ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டிருந்தார். கிட்டி வெஸ்ட் கோடாரியோடு மேடையேறி அந்தத் தொட்டியை உடைத்தார். ‘சிப்பிப் பெண் எவாஞ்சலின்’ என்ற பெயரில் அதே விடுதியில் ஆடிப் புகழ்பெற்றிருந்தவர் அவர். வெளியூரிலிருந்து வந்த டிவீனாவின் பெயரை விளம்பரத்தில் தன் பெயருக்கு மேலே போட்டதுதான் கோபத்துக்குக் காரணம் என்று சொல்லப்பட்டது. கிட்டி வெஸ்ட் கைதானார். லைஃப் இதழில் படங்கள் வெளிவர, ஒரு தெருவின் செய்தி நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது.

அது விளம்பரத்துக்காக ஏற்பாடான நிகழ்ச்சி என்பதை வெஸ்ட் பின்னாளில் ஒப்புக்கொண்டார். பத்திரிகைகள் அதை இரு பெண்களின் பொறாமையாக விற்றன. விடுதிக்கு அது வருமானம். கோடாரியை ஓங்கியவருக்கோ அது வேலையின் ஒரு பகுதி. எந்த நேரத்தில் ஏறவேண்டும், எங்கே அடிக்கவேண்டும் என்று தெரிந்து செய்த வேலை.

பர்லெஸ்க் என்ற இந்த மேடைக்கலை பற்றிய எழுத்துகளில் போட்டி என்பது பெரும்பாலும் சுவைக்காகச் சொல்லப்படும் துணுக்காகவே வருகிறது. தொழில்நெறி பற்றிய பேச்சு தனியாக, பெருமிதத்தோடு வருகிறது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். சட்டமும் சங்கமும் இந்த ஆட்டக்கலைஞர்களின் உடைமையைக் காக்கவில்லை. அந்த இடத்தில் போட்டிதான் காவலாக நின்றது. போட்டியின் கடிவாளம் மட்டும் பல நேரம் ஆடியவர்கள் கையில் இருக்கவில்லை.

2. இதுவரையான புரிதல்

பர்லெஸ்க் அமெரிக்காவில் நிலைபெற்ற கதையை ஆய்வாளர்கள் பெரும்பாலும் 1868இல் தொடங்குகிறார்கள். அந்த ஆண்டு லிடியா தாம்ப்சன் தன் ‘பிரிட்டிஷ் பிளாண்ட்ஸ்’ குழுவோடு இங்கிலாந்திலிருந்து நியூயார்க் வந்தார். புகழ்பெற்ற கதைகளைக் கேலியாக நடித்து, ஆண் வேடம் பூண்டு, சமகால அரசியலைச் சிலேடையில் கிண்டலடித்த பெண்கள் அவர்கள். ராபர்ட் ஆலன் 1991இல் வெளியிட்ட ஆய்வு, அந்தப் பெண்களுக்கு மேடையில் குரல் இருந்தது என்பதை அழுத்திச் சொல்கிறது. அடுத்த அறுபது ஆண்டுகளில் குரல் ஆண் நகைச்சுவையாளர்களுக்குப் போனது. பெண்ணிடம் எஞ்சியது உடல்தான் என்பது அவர் முடிவு. 2004இல் வந்த ரேச்சல் ஷ்டைரின் நூல் ஆடையவிழ்ப்பு ஆட்டத்தைத் தனி மேடைவடிவமாகவே எடுத்துக்கொண்டு, அதன் கலைஞர்களுக்கும் நகர ஆட்சிகளுக்கும் நடந்த மோதல்களை விரிக்கிறது. லெஸ்லி ஸெமெக்கிஸ் 2010இல் எடுத்த ஆவணப்படம் முதிய கலைஞர்களின் நினைவுகளைப் பதிவுசெய்தது.

இம்மூவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் ஆலனின் வாதத்தில் ஓர் இடைவெளி தெரிகிறது. பேச்சு பறிபோன பிறகும் கலைஞரிடம் ஆட்டத்தின் வடிவம் இருந்தது: எந்தப் பாட்டுக்கு, எந்த உடையில், எந்தக் கதையைச் சொல்லி, எந்தத் தருணத்தில் எதைக் களைவது என்ற கட்டமைப்பு. அதை உருவாக்கியவரும் காத்தவரும் பெண்ணே. முதியவர்களின் நினைவுகளையும் எச்சரிக்கையோடுதான் கையாளவேண்டும். விளம்பர முகவர்கள் கட்டிய கதைகளையே கலைஞர்கள் பல ஆண்டுகள் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். எது நடந்தது, எது நடந்ததாக அச்சானது என்று பிரிப்பது கடினம். கோடாரிச் சம்பவமோ அச்சாவதற்காகவே நடந்தது.

தொழில்கள் பற்றிய சமூகவியலும் இங்கே உதவுகிறது. ஒரு தொழிலை அறிய அதன் சான்றிதழ்களைப் பார்ப்பதைவிட, ‘இது எங்கள் எல்லை’ என்று அது யாரிடம் வாதாடுகிறது என்பதைப் பார்க்கவேண்டும் என்றார் ஆண்ட்ரூ அபட் (1988). மேடைப் பெண்களிடையே இந்த எல்லைச் சண்டை மிகப் பழையது. 1869இலேயே, நடிகையும் எழுத்தாளருமான ஆலிவ் லோகன் பெண்ணுரிமை மாநாட்டு மேடையில் பர்லெஸ்க் பெண்களைக் கடுமையாகத் தாக்கினார். பயிற்சி பெற்ற நடிகைகளின் பிழைப்பையும் மதிப்பையும் இவர்கள் கெடுக்கிறார்கள் என்பது அவர் குறை. அதில் ஒழுக்கக் கவலை இருந்தது. தொழிலாளியின் கவலையும் அதே அளவு இருந்தது.

3. சட்டம் காக்காத சொத்து

கிட்டி வெஸ்ட் காத்துக்கொண்டது எதை? அவருடைய ஆட்டத்தில் ஒரு மாபெரும் சிப்பி திறக்கும். உள்ளேயிருந்து பச்சைக் கூந்தலோடு எவாஞ்சலின் எழுவாள். எவாஞ்சலின் என்பது லூசியானா மாநிலத்தின் பிரெஞ்சு வம்சாவளியினர் தங்களுடையதாகக் கொண்டாடும் காவியநாயகியின் பெயர். லாங்ஃபெல்லோ 1847இல் எழுதிய காவியம் அது. சிப்பியோ நியூ ஆர்லியன்ஸின் அன்றாட உணவு. மிசிசிப்பி மாநிலத்திலிருந்து பதின்வயதில் வந்த ஒரு பெண், ஊரின் கதையையும் உணவையும் கோத்து, அந்த ஊரைத் தவிர வேறெங்கும் பொருந்தாத ஓர் ஆட்டத்தை மேடையில் நிலைநிறுத்தினார். அவருடைய பிழைப்பு அந்தக் கற்பனையில் இருந்தது. அதை வேறொருவர் எடுத்துக்கொண்டால் தடுக்கச் சட்டம் இல்லை.

இதற்கு முன்தீர்ப்பு ஒன்று உண்டு. பட்டுத்துணியைச் சுழற்றி ஒளியில் ஆடும் ‘பாம்பு நடனத்தை’ உருவாக்கிய லோயி ஃபுல்லர், அதைப் பார்த்து ஆடிய இன்னொருவர்மீது 1892இல் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தார். கதை ஏதும் சொல்லாத, அழகிய அசைவுகள் மட்டுமே கொண்ட ஆட்டம் நாடகப் படைப்பாகாது என்று நீதிமன்றம் பதிப்புரிமையை மறுத்தது. நடன அமைப்பை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் வெளிப்படையாகப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது 1976இல்தான். இடைப்பட்ட 84 ஆண்டுகளும் பர்லெஸ்கின் பொற்காலத்தை முழுதாகத் தன்னுள் அடக்கியவை.

ஃபுல்லரின் வழக்கை ஆராய்ந்த ஆந்தியா க்ரௌட், அசைவின்மீது சொத்துரிமை கோருவது நிறத்தோடும் பிணைந்தது என்று காட்டுகிறார். பிரியா சீனிவாசன் இன்னொரு திசையிலிருந்து, 1880களில் அமெரிக்க மேடைக்கு அழைத்துவரப்பட்ட இந்திய ‘நாட்ச்’ ஆட்டப் பெண்களின் உழைப்பு அந்நாட்டு நவீன நடனத்துக்குள் பெயரின்றிக் கரைந்துபோனதை எழுதியிருக்கிறார். தன் ஆட்டத்தைத் திருடினார்கள் என்று முறையிட்டவரின் ஆட்டத்துக்குள்ளேயே பெயர் தெரியாத பிறரின் ஆட்டம் இருக்கலாம் என்பதை நாம் மறக்கக் கூடாது.

சட்டம் கைவிட்டதன் விலையை ஃபெய்த் பேகனின் வாழ்க்கையில் காணலாம். இரண்டு பெரிய இறகு விசிறிகளால் உடலை மறைத்தும் காட்டியும் ஆடும் விசிறியாட்டத்தை, 1930இல் நியூயார்க்கில் ஏர்ல் கேரல் நடத்திய நிகழ்ச்சியில் முதலில் ஆடியது தானே என்றார் பேகன். ஆனால் 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் விசிறியாட்டத்தால் நாடறிந்தவர் ஆனது சாலி ராண்ட். 1938இல் பேகன் 3,75,000 டாலர் இழப்பீடு கேட்டு ராண்ட்மீது வழக்குத் தொடுத்தார். ஆட்டம் அவருடையது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மக்கள் நினைவில் விசிறி இன்றும் ராண்டின் கையில்தான் இருக்கிறது. பேகன் வாய்ப்புகள் குறைந்து, வறுமையில், 1956இல் சிகாகோவில் ஒரு விடுதிச் சன்னலிலிருந்து குதித்து உயிர்விட்டார். ராண்ட் எழுபது வயதை ஒட்டியும் ஆடிக்கொண்டிருந்தார்.

இந்தப் பூசலை அகந்தை என்று எழுதியவர்கள் பலர். எனக்கு அது ஒரு தொழிலாளி தன் கருவியைத் திருப்பிக் கேட்டதாகவே படுகிறது. பேகனின் முறையீட்டில் தேதி, இடம், நிகழ்ச்சியின் பெயர் எல்லாம் இருந்தன. இவ்வளவு கணக்காகத் தன் படைப்பின் வரலாற்றைச் சொன்ன ஒருவரிடம் தொழில்நெறி இல்லை என்று எப்படிச் சொல்வது?

4. போர்பன் தெருவின் உழைப்புமுறை

நியூயார்க்கின் மின்ஸ்கி சகோதரர்கள் நடத்தியவை பர்லெஸ்க் அரங்குகள். அங்கே நுழைவுச்சீட்டு விற்றது. நகைச்சுவை, கூட்டாட்டம், தனியாட்டம் என்று நிகழ்ச்சிநிரல் ஓடியது. 1937இல் மேயர் லாகார்டியாவின் நிர்வாகம் உரிமங்களைப் புதுப்பிக்க மறுத்து அந்த அரங்குகளை மூடியபோது, ‘பர்லெஸ்க்’ என்ற பெயரையே விளம்பரத்தில் போடக் கூடாது என்றானது. நியூ ஆர்லியன்ஸின் வரலாறு வேறு. ஸ்டோரிவில் என்ற விலைமாதர் பகுதி 1917இல் மூடப்பட்டபின், கேளிக்கை மெல்ல போர்பன் தெருவுக்கு நகர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் துறைமுகம் வழியே வந்துபோன படையினர் அந்தத் தெருவை நிரப்பினார்கள். போருக்குப்பின் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். இங்கே விற்றது சீட்டு அல்ல, மது. மேடை சிறியது, பக்கத்தில் ஜாஸ் வாத்தியக் குழு, அறிவிப்பாளர் ஒருவர்.

இந்த வேறுபாடுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. விளம்பரத் தட்டியில் பெயர் வரும் தலைமைக் கலைஞர் தன் உடைகளோடும், தன் பாட்டுக்கான வாத்தியக் குறிப்புத் தாள்களோடும் வருவார். குழுவோடு ஒத்திகை பார்ப்பார். ஊருக்கு ஊர் ஒப்பந்தம் போடுவார். அவருக்குக் கீழே அந்த விடுதியிலேயே நிரந்தரமாக ஆடும் பெண்கள். மேடையிலிருந்து இறங்கியதும் வாடிக்கையாளரோடு அமர்ந்து அவரைக் குடிக்கவைத்து, விற்ற கோப்பைக்குக் கழிவு பெறுவது இவர்களில் பலருக்கு வேலையின் எழுதப்படாத பகுதி. சட்டப்படி அது குற்றம். விடுதிக்கோ அதுவே வருமானம். விளம்பரத்தில் பெயர் மேலேறுவது கூலியை மட்டும் கூட்டவில்லை. மேசைக்குப் போகவேண்டிய கட்டாயத்திலிருந்தும் விலக்கு தேடித்தந்தது. பெயர் கீழே இறங்குவது என்றால் அந்த மேசையை நோக்கி இறங்குவது. டிவீனாவின் பெயர் மேலே போன கதை வாசகர்களுக்கு நம்பத்தக்கதாக இருந்ததற்கு இதுவே அடிப்படை. நடித்துக்காட்டிய சண்டைக்கு அடியில் நடிப்பில்லாத அச்சம் ஒன்று இருந்தது.

முதலாளிகள் அதை நன்றாக அறிந்திருந்தார்கள். தலைமைக் கலைஞர் இருவரை ஒரே தெருவில் மோதவிடுவது செலவில்லாத விளம்பரம். லியோன் ப்ரிமாவின் 500 கிளப்பில் ‘பூனைப் பெண்’ லில்லி கிறிஸ்டீன். ஷோ பாரில் பின்னர் ஆளுநர் ஏர்ல் லாங்கின் காதலியாகப் பேசப்பட்ட பிளேஸ் ஸ்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர், ஒரு தனி உத்தி. இந்தத் தனித்துவத்தைப் போட்டியே வளர்த்தது என்பதை மறுக்கமுடியாது. ஒருவர் செய்வதை இன்னொருவர் செய்தால் எடுபடாது என்ற நெருக்கடியில் உடையும் இசையும் கதையும் கூர்மையடைந்தன. வாத்தியக்காரர்களுக்கும் இதுவே பள்ளிக்கூடம். சாம் புட்டேரா 500 கிளப் மேடையில் வாசித்துத் தேறி, 1954இல் லூயி ப்ரிமாவோடு லாஸ் வேகாஸுக்குப் போனார். பின்னாளில் ‘டாக்டர் ஜான்’ என்று உலகறிந்த மாக் ரெபனாக்கும் இளமையில் இத்தெருவின் விடுதிகளில் வாசித்தவர். ஆடுபவரின் இடுப்பசைவுக்கு முரசை நிறுத்தவும் எடுக்கவும் தெரிந்த கைகள் இந்த மேடைகளில் பழகின.

இந்தப் போட்டியின் களம் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. போர்பன் தெரு மேடைகளில் நட்சத்திரங்களாக விளங்கியவர்கள் வெள்ளையர். கறுப்பின மக்களுக்கு லாசால் தெருவில் ஃப்ராங்க் பைனியா நடத்திய ட்யூ டிராப் இன் என்ற விடுதி இருந்தது. ரிதம் அண்ட் புளூஸ் இசை, ஆட்டம், பெண்வேடக் கலைஞர் பாட்ஸி விடாலியாவின் அறிவிப்பு என்று அங்கே இரவுகள் விடிந்தன. வெள்ளை நடிகர் ஒருவர் அங்கே உட்கார்ந்ததற்காக 1952இல் காவல்துறை அவரையும் பைனியாவையும் கைதுசெய்தது. போர்பன் தெருவில் யார் முதலிடம் என்ற சண்டையைப் பேசும்போது, அந்த வரிசையில் நிற்கவே விடப்படாதவர்களும் அதே ஊரில் ஆடினார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லாத வரலாறு அரைகுறை.

5. சங்கம் ஏன் போதவில்லை

போட்டிக்கு மாற்று ஒற்றுமை. அதைக் கலைஞர்கள் முயன்று பார்க்கவில்லை என்பது உண்மையல்ல. நியூயார்க்கில் பர்லெஸ்க் கலைஞர்களின் சங்கம் 1935இல் வேலைநிறுத்தமே நடத்தியது. அரங்குகள் 1937இல் மூடப்பட்டபோது சங்கத்தின் பிடி தளர்ந்தது. இரவு விடுதிக் கலைஞர்கள், 1939இல் உருவான அமெரிக்கப் பல்சுவைக் கலைஞர் சங்கத்தின்கீழ் வந்தார்கள். அந்தச் சங்கம் உறுப்பினர் சந்தா வாங்கியது. மேசைக்கு அனுப்பப்படும் பெண்களைக் காக்கவில்லை. 1962இல் செனட் விசாரணைக் குழுவின் முன் இது வெளிச்சத்துக்கு வந்தது. ‘பிளாண்டி’ திரைப்படங்களின் நாயகியும் அச்சங்கத்தின் தலைவர்களுள் ஒருவருமான பென்னி சிங்கிள்டன், சங்கம் ஆடையவிழ்ப்புக் கலைஞர்களைக் கைவிட்டுவிட்டது என்று சாட்சியளித்தார். இந்தச் சாட்சியத்தை பர்லெஸ்க் வரலாறுகள் ஓரிரு வரிகளில் கடந்துபோவது வருத்தம் தருகிறது. போட்டியைப் பற்றிய எல்லா வண்ணக் கதைகளையும்விட, போட்டி ஏன் இருந்தது என்பதை அது தெளிவாகச் சொல்கிறது.

அதே 1962இல் நியூ ஆர்லியன்ஸின் புதிய அரசு வழக்கறிஞர் ஜிம் கேரிசன் போர்பன் தெரு விடுதிகளில் தொடர் சோதனைகளைத் தொடங்கினார். குறி, மேசை மது வியாபாரம். தண்டனை விழுந்தது உழைப்பவர்கள்மீதும். விடுதிகள் சுருங்கின, நேரடி வாத்தியக் குழு செலவாகத் தெரிந்தது, பதிவிசை வந்தது. ஆட்டக்கலைஞரின் மூச்சைக் கவனித்து வாசித்த குழு போனபின், ஆட்டத்தின் நேரக்கணக்கும் போனது. 1960களின் இறுதிக்குள் பழைய தலைமைக் கலைஞர் என்ற பதவியே அர்த்தமிழந்தது. போட்டி ஒழிந்தது, ஆம். போட்டியிடத் தகுந்த எதுவும் மிஞ்சாததால்.

மேற்குக் கரையில் ஜென்னி லீ 1955இல் தொடங்கிய ‘எக்ஸாடிக் டான்சர்ஸ் லீக்’ வேறொரு பாதை. கூலிக்காகக் குரல்கொடுக்கும் நோக்கில் பிறந்து, நாளடைவில் தோழமைக் கூட்டமாக மாறிய அமைப்பு அது. ஒப்பந்தங்களை அதனால் மாற்ற முடியவில்லை. ஆனால் எதிரெதிரே விளம்பரப்படுத்தப்பட்டவர்கள் ஒருவர் முகவரியை ஒருவர் வைத்திருந்தார்கள், உடைகளையும் படங்களையும் சேர்த்துவைத்தார்கள். கலிபோர்னியாப் பாலைவனத்தில் ஹெலன்டேல் என்ற ஊரின் ஆட்டுப்பண்ணையில் ஜென்னி லீ குவித்த அந்தச் சேகரத்தை, 1990இல் அவர் இறந்தபின் டிக்ஸி எவான்ஸ் அருங்காட்சியகமாக நடத்தினார். இன்று லாஸ் வேகாஸில் இருக்கும் பர்லெஸ்க் அருங்காட்சியகத்தின் விதை அது.

6. புத்துயிர்ப்பும் புதிய எல்லைக்கோடும்

1990களின் நடுவில் அமெரிக்க நகரங்களில் இளம்பெண்கள் பர்லெஸ்கை மீண்டும் கையிலெடுத்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் ஷிம் ஷாம் கிளப்பின் ஷிம் ஷாமெட்ஸ் குழு நேரடி இசையோடு பழைய ஆட்டங்களை மீட்டது. 2001இல் நாடெங்கிலுமிருந்து வந்த கலைஞர்களின் ‘டீஸ்-ஓ-ராமா’ கூடுகை இந்நகரில் நடந்தது. கத்ரீனா புயலுக்கு அடுத்த ஆண்டான 2006இல் ‘ஃப்ளூர் டி டீஸ்’ குழு பிறந்தது. 2009இல் நகரத்தின் பர்லெஸ்க் விழா தொடங்கியது.

கிட்டி வெஸ்ட் தன் சிப்பி ஆட்டத்தை இந்தத் தலைமுறையின் இளம்கலைஞர் ஒருவருக்குத் தாமே கற்றுக்கொடுத்தார் என்பது இக்கட்டுரைக்கு முக்கியமான செய்தி. சட்டம் என்றும் தராத உரிமையை, புதிய கலைஞர்கள் தங்களுக்குள் வழக்கமாக உருவாக்கிக்கொண்டார்கள். மூத்தவரின் ஆட்டத்தை எடுத்தால் கேட்டு எடுக்கவேண்டும், அவர் பெயரைச் சொல்லவேண்டும். சக கலைஞரின் மேடைப் பெயரை, உத்தியை, உடை வடிவத்தை நகலெடுப்பது பெரும் பிழை. மீறுபவருக்கு மேடை கிடைக்காது. பேகன் நீதிமன்றத்தில் தேடியது இப்போது கலைஞர்களின் பொதுக்கருத்தில் ஓரளவு கிடைக்கிறது.

பட்டப் போட்டிகளும் வந்தன. ஹெலன்டேலில் 1990களின் தொடக்கத்தில் டிக்ஸி எவான்ஸ் ஆரம்பித்த ‘மிஸ் எக்ஸாடிக் வேர்ல்ட்’, நியூ ஆர்லியன்ஸ் விழாவின் ‘பர்லெஸ்க் ராணி’ இரண்டுமே நடுவர் முன் நடக்கும் வெளிப்படையான போட்டிகள். விளம்பரத் தட்டியை ஒப்பிட்டால் இது நேர்மையான முறை. யார் மேலே என்பதை முதலாளி தீர்மானிப்பதில்லை. ஆனால் வென்ற பட்டத்தால் கூலி உயர்வதற்கு எந்த உறுதியும் இல்லை. ஓர் ஆட்டத்துக்கான கல்வைத்த உடைக்கும் இறகுக்கும் ஆகும் செலவைப் பல இரவுகள் ஆடினாலும் ஈட்டமுடியாது என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்தது. வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆடுபவர்களே மிகுதி. குறைந்த கூலிக்கு, சில நேரம் கூலியே இல்லாமல் ஆட முன்வரும் புதியவர்கள்மீது முழுநேரக் கலைஞர்களுக்குள்ள மனக்குறையைப் பொறாமை என்று ஒதுக்குவது எளிது. பேகனை அப்படித்தான் ஒதுக்கினார்கள். 2016இன் தொடக்கத்தில் போர்பன் தெரு விடுதி ஒன்று ஒரு கலைஞரை உடல் பருமனைக் காரணங்காட்டி நீக்கியபோது ஊர் முழுக்க எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பைச் சாத்தியமாக்கியது, போட்டியாளர்கள் ஒருவர் ஆட்டத்தை ஒருவர் மதிக்கப் பழகியிருந்த சூழல்.

இன்றைய பர்லெஸ்க் தன் தொழில்நெறியை எதை வைத்து நிறுவுகிறது என்ற கேள்வி இன்னும் பாக்கியிருக்கிறது. ‘நாங்கள் ஸ்ட்ரிப் கிளப் பெண்கள் அல்ல, இது கலை’ என்ற வாக்கியத்தைப் பேட்டிகளில் திரும்பத் திரும்பக் கேட்கலாம். எல்லைக்கோடு ஒன்று தேவை என்பதை அபட் நமக்குப் புரியவைக்கிறார். அந்தக் கோடு இங்கே யார்மீது விழுகிறது? 2018 ஜனவரியில் காவல்துறையும் மதுக் கட்டுப்பாட்டுத் துறையும் போர்பன் தெருவின் ஸ்ட்ரிப் கிளப்புகளில் சோதனை நடத்தி எட்டு விடுதிகளின் உரிமத்தை முடக்கின. பிழைப்பிழந்த பெண்கள் பதாகை ஏந்தித் தெருவில் ஊர்வலம் போனார்கள். சில கட்டடங்கள் தள்ளி, ராயல் சோனெஸ்டா என்ற பெரிய ஓட்டலின் ஜாஸ் கூடத்தில் அதே தெருவின் பர்லெஸ்க் நிகழ்ச்சிகள் சுற்றுலாப் பண்பாடாக மதிக்கப்பட்டுவந்தன. ஆடையைக் களையும் இரு கூட்டத்தாரில் ஒருவருக்கு உரிமம் பறிபோகிறது, மற்றவருக்கு மரபுரிமை என்ற மதிப்பு கிடைக்கிறது.

புதிய கலைஞர்கள் தங்கள் முன்னோர் என்று போற்றும் கிட்டி வெஸ்டும் லில்லி கிறிஸ்டீனும் தங்கள் காலத்தில் கோட்டின் இந்தப் பக்கம் நின்றவர்கள் அல்லர். 1950களின் போர்பன் தெரு விடுதி, மதுவை விற்று, பெண்களை மேசைக்கு அனுப்பி, சோதனைக்கு அஞ்சி நடந்த இடம். அந்த மரபை உரிமையாகக் கொள்பவர்களுக்கு, 2018இல் பதாகை பிடித்தவர்களும் அதே மரபின் வாரிசுகள்தாம். ஆலிவ் லோகன் 1869இல் இழுத்த கோட்டை பர்லெஸ்க் கலைஞர்கள் இன்று தமக்குக் கீழே இழுத்துக்கொள்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன். ஆட்டத்தின் உரிமை யாரிடம், இரவின் கூலி எவ்வளவு, அதை எழுதிக்கொடுத்தார்களா என்ற மூன்று கேள்விகளும் ஓட்டல் கூடத்தில் ஆடுபவருக்கும் ஸ்ட்ரிப் கிளப்பில் ஆடுபவருக்கும் பொது. அவற்றைச் சேர்ந்து கேட்கும் ஒரு சங்கம் அந்தத் தெருவில் இன்னும் நிலைபெறவில்லை.